கன்ட்ரி மியூசிக் புடிக்காதவங்க அதை கேக்க ஆரம்பிக்கிறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், கன்ட்ரி மியூசிக், அதான் அமெரிக்காவோட நாட்டுப்புறத்து பாட்டு, எனக்கும் ரொம்ப வருஷம் புடிக்காது. நான் வடசென்னை வியாசர்பாடி. எனக்கு பாட்டுன்னா கானா, தெருவுல ஒரு சாவு விழுந்தா விடிய விடிய உக்காந்து பாடுற மரண கானா, அப்புறம் கேரம் கிளப்புல ஓடுற பாப் மார்லி. கன்ட்ரின்னா தொப்பி போட்ட வெள்ளைக்காரன், குதிரை, மூக்கால இழுத்து பாடுறது, எல்லா பாட்டும் ஒரே மாதிரி இருக்கும், அவ்ளோதான் என் கணக்கு.

பெரம்பூர்ல எங்க சித்தி வீட்டுக்கு எதிர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் குடும்பம் இருந்தாங்க, அந்த அங்கிள் லோகோ ட்ரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போய்ட்டு வந்தாருன்னா மத்தியானம் சாப்பாடு வரைக்கும் ஜிம் ரீவ்ஸ் கேசட்டுதான், நாங்க பசங்க எல்லாம் "இன்னா அங்கிள் தூக்க மாத்திரை போட்டு உட்டீங்களா"ன்னு கத்துவோம், அவரு சிரிச்சிக்கினே சவுண்டை இன்னும் கொஞ்சம் ஏத்துவாரு. அப்போ அது கன்ட்ரின்னே எனக்கு தெரியாது.

அப்புறம் காலேஜ்ல ஒருத்தன் நான் கானா போட்டப்போ, "என்னடா இது ஒரே கத்தல், எல்லா பாட்டும் ஒரே மெட்டு, இதெல்லாம் பாட்டா"ன்னு கேட்டான். ஒரு பாட்டு கூட முழுசா கேக்காம சொன்னான், எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு. ராத்திரி படுத்துக்கினு யோசிச்சப்போதான் உறைச்சுது, அவன் சொன்ன அதே வார்த்தைங்களைதான நான் கன்ட்ரிக்கு சொன்னேன், அந்த அங்கிள் பாட்டையும் அப்படித்தான கிண்டல் பண்ணேன். அன்னைக்கு ஆரம்பிச்சது. தப்பு தப்பா கேட்டு நானே கண்டுபுடிச்ச வழியைதான் கீழ எழுதுறேன், கானா காது இருக்குறவங்களுக்கு இது இன்னும் சுலபம், ஏன்னு போகப்போக தெரியும்.

மொதல்ல செய்யக்கூடாதது. ஆப்பை தொறந்து "கன்ட்ரி ஹிட்ஸ்"னு தேடி மேல வர்றதை போடாதீங்க. 2010க்கு அப்புறம் அமெரிக்க ரேடியோல ஓடுன கன்ட்ரில நெறைய பாட்டுல ட்ரக்கு, பீரு, ஜீன்ஸ் போட்ட பொண்ணு, வெள்ளிக்கிழமை ராத்திரி, இவ்ளோதான் விஷயம், அங்கயே நெறைய பேரு அதை திட்டுறாங்க. கானாவே கேக்காத ஒருத்தனுக்கு நீங்க படத்துல வர்ற குத்து டைட்டில் சாங்கை போட்டு இதுதான் கானான்னு சொல்லுவீங்களா? மாட்டீங்க இல்ல. மரண கானா பாடுறவரு பக்கத்துல கூட்டிட்டு போய் உக்கார வைப்பீங்க. அதே மாதிரிதான் இதுவும், பழசுல ஆரம்பிக்கணும்.

அடுத்தது, மெட்டை தேடாதீங்க, கதையை தேடுங்க. இதுதான் ரொம்ப முக்கியம், இதை புரிஞ்சிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ஹார்லன் ஹோவர்ட்னு ஒரு பாட்டெழுதுறவரு, கன்ட்ரின்னா மூணு கார்டும் உண்மையும்தான்னு சொன்னாரு. கார்டுன்னா சில ஸ்வரங்களை ஒண்ணா சேத்து மீட்டுறது. கிட்டார்ல மூணே மூணு கார்டை வெச்சிக்கினு ஆயிரக்கணக்கான பாட்டு பண்ணிட்டாங்க, அதனால மெட்டுக்காக கேட்டீங்கன்னா போர் அடிக்கத்தான் செய்யும். கானாலயும் அதான, இருக்குறது கொஞ்சம் மெட்டு, செத்தவரு பேரு, அவரு தொழில், அவரு பொண்டாட்டி புள்ளைங்க, குடிச்ச கதை எல்லாத்தையும் அந்த மெட்டுக்குள்ள வெச்சி பாடுவாங்க, நாம அழுவுறது மெட்டுக்கா அழுவுறோம்? அதனால மொதல் பத்து பாட்டுக்கு லிரிக்ஸை போன்ல தொறந்து வெச்சிக்கினு வரி வரியா படிச்சிக்கினே கேளுங்க. அவங்க இங்கிலீஷ் மொதல்ல புரியாது, அமெரிக்காவோட தெக்கு பக்க மாநிலங்கள்ல பேசுற இங்கிலீஷ், வார்த்தை வாலை முழுங்கிடுவாங்க, இலக்கணம் பாக்க மாட்டாங்க, பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பேசுறவங்க அதை கிண்டல் பண்ணுவாங்க. "வந்துக்கினு கீறேன்"னு பேசுற நமக்கு இதை தனியா விளக்கணுமா. மூணாவது பாட்டுல காது பழகிடும்.

மொத பாட்டு எதுன்னு கேட்டா நான் ஜானி கேஷ்தான் சொல்லுவேன். ஃபால்சம் ப்ரிசன் ப்ளூஸ், மொதல்ல 1955ல வந்துச்சு, ஆனா அந்த ரெக்கார்டை விடுங்க, 1968 ஜனவரி 13 அன்னைக்கு கலிஃபோர்னியால அதே ஃபால்சம் ஜெயிலுக்கு உள்ள போய் கைதிங்க முன்னாடி பாடுனது இருக்கு, அதை போடுங்க. ஜெயில்ல இருக்குற ஒருத்தன் வெளிய ரயில் போற சத்தத்தை கேக்குறான், அந்த ரயில்ல பணக்காரங்க உக்காந்து சாப்பிட்டுக்கினு காபி குடிச்சிக்கினு போவாங்கன்னு நெனைக்கிறான், அவன் இங்கயே கெடக்கான். நம்ம ஆளுங்களுக்கு இது கதையே இல்ல. புழலுக்கு மாத்துறதுக்கு முன்னாடி சென்ட்ரல் ஜெயில் எங்க இருந்துச்சு? சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல, ரயில் பாதை ஓரத்துல. உள்ள இருந்துட்டு வந்த பெருசுங்க எங்க தெருவுல ராத்திரி ரயில் சத்தத்தை பத்தி சொல்லி நானே கேட்டிருக்கேன். அந்த பாட்டை கேட்டப்போ எனக்கு ஃபால்சம் எங்க இருக்குன்னு கூட தெரியாது, பேசின் பிரிட்ஜ்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அந்த ஜெயில் கச்சேரி கடைசியில இன்னொரு பாட்டு வரும், கிரேஸ்டோன் சாப்பல்னு. அதை எழுதுனது க்ளென் ஷெர்லின்னு அதே ஜெயில்ல இருந்த கைதி. கேஷ் கைக்கு அது கிடைச்சது கச்சேரிக்கு மொத நாளு, உடனே கத்துக்கினு மறுநாள் அவன் முன்னாடியே பாடுனாரு. அவன் முன் வரிசையில உக்காந்து தன் பாட்டை கேக்குறான். இதை தெரிஞ்சிக்கினு அந்த பாட்டை ஒரு தடவை கேளுங்க.

கேஷ் பத்தி இன்னொண்ணு, தாளம் புடிச்சவங்களுக்காக சொல்றேன். ஆரம்பத்துல அவரு பேண்டுல ட்ரம்ஸ் கெடையாது. ட்ரம் சத்தம் வேணும்னு கிட்டார் கம்பிக்கு நடுவுல பேப்பரை சொருகி வாசிச்சாரு, ஐ வாக் த லைன் பாட்டுல அந்த சரக் சரக் சத்தம் நல்லா கேக்கும். டோலக் இல்லன்னா தீப்பெட்டி, பெஞ்சு, எவர்சில்வர் டம்ளர்னு கைக்கு சிக்குறதுல தாளம் போடுற பசங்களுக்கு இதை கேட்ட உடனே புரியும். காசு இல்லாதவன் பாட்டு எல்லா ஊர்லயும் இப்படித்தான் பொறக்குது போல.

அடுத்து வாத்தியம். ஒரே நேரத்துல எல்லாத்தையும் கேக்க பாக்காதீங்க, ஒரு பாட்டை மூணு தடவை போடுங்க, மொத தடவை வார்த்தைக்கு, ரெண்டாவது தடவை ஸ்டீல் கிட்டாருக்கு மட்டும், மூணாவது தடவை கண்ணை மூடிக்கினு சும்மா கேளுங்க. ஸ்டீல் கிட்டார்னா அந்த அழுவுற மாதிரி வழுக்கிக்கினு போற சத்தம். அது ஹவாய் தீவுலர்ந்து வந்தது, ஜோசப் கெகுகுன்னு ஒரு ஹவாய்க்காரரு பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில கம்பி மேல இரும்பு பட்டையை வெச்சி இழுத்து வாசிக்கிற முறையை கொண்டு வந்தாரு. அப்புறம் அதுக்கு கால்ல மிதிக்கிற பெடல் வெச்சாங்க, ஒரு கம்பியோட ஸ்வரம் அப்படியே நிக்கும்போதே இன்னொரு கம்பியோட ஸ்வரம் மேல ஏறும், 1954ல வெப் பியர்ஸ் பாடுன ஸ்லோலின்ற பாட்டுக்கு அப்புறம் கன்ட்ரி ரெக்கார்டிங்குக்கு பேர் போன நாஷ்வில் ஊரு முழுக்க அந்த சத்தம் பரவிடுச்சு. நாதஸ்வரத்துல ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு வழுக்கிட்டு போறதை கேட்டு வளந்த காதுக்கு பியானோவை விட ஸ்டீல் கிட்டார் சீக்கிரம் புடிக்கும், இது என் அனுபவம். ஆனா ஒண்ணு, பேஸ் பூஸ்ட் போட்ட ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, ஷேர் ஆட்டோ ஸ்பீக்கர்ல இந்த பாட்டு செத்துடும். ஈக்வலைசரை ஆஃப் பண்ணிட்டு சாதா இயர்போன்ல கேட்டாலே போதும்.

குரல் உடையுறதை கவனிங்க. இது தனியா சொல்ல வேண்டிய விஷயம். ஜிம்மி ராட்ஜர்ஸ்னு ஒருத்தரு, ரயில்வேல பிரேக்மேன் வேலை பாத்தவரு, காசநோய் வந்து அந்த வேலை போச்சு, 1927ல டென்னசி வர்ஜீனியா எல்லையில இருக்குற பிரிஸ்டல்ன்ற ஊருக்கு ரெக்கார்டு கம்பெனி ஆளுங்க வந்து கெடைச்ச பாடகர்களை எல்லாம் பதிவு பண்ணாங்க, அங்கதான் இவரும் கார்ட்டர் குடும்பம்ன்ற பாட்டுக் குழுவும் மொத மொதல்ல ரெக்கார்டு ஆனாங்க, கன்ட்ரி மியூசிக் சரித்திரத்தை அங்கர்ந்துதான் நெறைய பேரு ஆரம்பிப்பாங்க. ராட்ஜர்ஸ் 1933ல 35 வயசுல அதே காசநோயில செத்துட்டாரு. அவரு பாடும்போது குரல் திடீர்னு உடைஞ்சு மேல போகும், யோடல்னு சொல்லுவாங்க. மொத தடவை கேட்டா சிரிப்பு வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா ஒப்பாரி வைக்கிற ஆயாங்களை நெனச்சி பாருங்க, "என்ன பெத்த ராசா"ன்னு இழுக்கும்போது கடைசியில ஒரு விக்கல் மாதிரி குரல் உடையும் இல்ல, அந்த இடத்துலதான நமக்கு கண்ணுல தண்ணி வரும். அந்த காதோட ஹாங்க் வில்லியம்ஸ் 1949ல பாடுன ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை கேளுங்க. மொத்தமே கொஞ்சம் வரிதான், ஒரு பறவை, ஒரு ரயில், ஒரு எரிஞ்சு விழுற நட்சத்திரம். அந்த மனுஷன் 29 வயசுல, 1953 ஜனவரி 1 அன்னைக்கு கச்சேரிக்கு போற வழியில கார் பின் சீட்டுலயே செத்துட்டாரு.

இப்போ ஒரு கஷ்டமான விஷயம், இதை சொல்லாம விட்டா நான் எழுதுறதுல அர்த்தமே இல்ல. கன்ட்ரின்னா இனவெறி புடிச்ச வெள்ளைக்காரன் பாட்டுதானன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட ஆளுங்களும் பாட்டுங்களும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாட்டு யாருதுன்னு பாருங்க. பேஞ்சோ ஆஃப்ரிக்காலர்ந்து அடிமையா கொண்டு போகப்பட்டவங்க சுரைக்குடுக்கையில செஞ்ச வாத்தியம். ஹாங்க் வில்லியம்ஸுக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தது ரூஃபஸ் பெய்ன்னு தெருவுல பாடுற ஒரு கறுப்பர். கார்ட்டர் குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் ஊரு ஊரா போய் பாட்டு சேகரிச்சப்போ கூட போய் மெட்டை எல்லாம் மனசுல வாங்கிக்கினு வந்தது லெஸ்லி ரிடில்னு இன்னொரு கறுப்பர். கிராண்ட் ஓல் ஓப்ரி ரேடியோ நிகழ்ச்சியோட ஆரம்ப கால ஸ்டார்ல ஒருத்தரு டிஃபோர்ட் பெய்லி, மவுத்தார்கன்ல ரயில் சத்தத்தையே கொண்டு வந்தவரு, கறுப்பரு, 1941ல அவரை அந்த நிகழ்ச்சி வேலையை விட்டு தூக்கிட்டாங்க, கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல அவருக்கு இடம் கெடைச்சது 2005ல, அவரு செத்து வருஷக்கணக்கா ஆனதுக்கு அப்புறம். 1920கள்ல ரெக்கார்டு கம்பெனிங்கதான் வெள்ளைக்காரன் பாடுனா ஒரு லேபிள், கறுப்பன் பாடுனா வேற லேபிள்னு பிரிச்சாங்க, ஒரே ஊரு பாட்டுக்கு ரெண்டு பேரு. நம்ம பாட்டை சேரிப் பாட்டுன்னு தள்ளி வெச்சிட்டு அப்புறம் அதே தாளத்தை சினிமாவுல போட்டு காசு பாத்ததை நேர்ல பாத்தவங்க நாம. இந்த கதை நமக்கு தெரிஞ்ச கதை.

அதனால சார்லி பிரைடை கண்டிப்பா கேளுங்க. மிசிசிப்பில அடுத்தவன் நிலத்துல விளைச்சல்ல பங்கு குடுத்து பருத்தி பயிர் பண்ண குடும்பத்துல பொறந்தவரு. அவரோட ஆரம்ப ரெக்கார்டுங்களை ரேடியோக்கு அனுப்பும்போது போட்டோ இல்லாமதான் அனுப்புனாங்க, கறுப்பருன்னு தெரிஞ்சா போட மாட்டாங்கன்னு. அப்புறம் 1971ல கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அவருக்கு அந்த வருஷத்தோட பெரிய கலைஞர் விருதையே கொடுத்துச்சு. ரே சார்ல்ஸ்னு இன்னொரு கறுப்பர் பாடகரு 1962ல கன்ட்ரி பாட்டுங்களை எடுத்து ஒரு ஆல்பமே பண்ணாரு, கன்ட்ரி குரல் புடிக்கலன்றவங்க அங்கர்ந்து உள்ள நுழையலாம், அது நல்ல பின்வாசல்.

பொண்ணுங்க பாடுன கன்ட்ரிக்கு தனியா ஒரு வாரம் ஒதுக்குங்க. லொரெட்டா லின்னோட கோல் மைனர்ஸ் டாட்டர், 1970. கென்டக்கில நிலக்கரி சுரங்கத் தொழிலாளி பொண்ணு, எட்டு புள்ளைங்கள்ல ரெண்டாவது, அப்பா ராத்திரி பூரா சுரங்கத்துல, அம்மா துணி தொவைச்சி தொவைச்சி விரல்ல ரத்தம் வர்ற அளவுக்கு, இதெல்லாம் அப்படியே பாட்டுல இருக்கு. துறைமுகத்துல நிலக்கரி இறக்குறதை 2011ல கோர்ட்டு சொல்லி நிறுத்துற வரைக்கும் ராயபுரத்துல மாடில காயப்போட்ட துணி சாயங்காலம் கறுப்பா இருக்கும், எங்க பெரியம்மா ரெண்டாவது தடவை அலசுவாங்க. எண்ணூர்ல இன்னும் சாம்பல். கரித்தூசி கதைக்கு நமக்கு மொழிபெயர்ப்பு தேவையில்ல. இதே லொரெட்டா 1975ல கருத்தடை மாத்திரை பத்தி த பில்னு ஒரு பாட்டு விட்டாங்க, இருபது வயசுக்குள்ள நாலு புள்ளை பெத்தவங்க, அவங்களுக்கு பாட உரிமை இல்லாம யாருக்கு இருக்கு, நெறைய ரேடியோ ஸ்டேஷன்ல போட மாட்டோம்னாங்க, பாட்டு ஹிட் ஆச்சு. ஆம்பளைங்க மட்டுமே பாடிக்கினு இருந்த கானாவுல இசைவாணி வந்து நின்னப்போ எனக்கு லொரெட்டா ஞாபகம்தான் வந்துச்சு. டாலி பார்ட்டன் பத்தி ஒரே வரி போதும், விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே கேட்ட ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ இவங்க எழுதி 1974ல வெளியிட்டது, அந்த ஒரிஜினலை போட்டு பாருங்க, கத்தாம பாடியிருப்பாங்க, எனக்கு அதுதான் வலிக்கும்.

எப்போ கேக்குறதுன்னும் சொல்லணும். காலைல அவசரத்துல வேணாம். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல சாயங்காலம் ட்ரெயின் புடிச்சா ஜன்னல் ஓரம் கெடைக்கும்போது, இல்ல ராத்திரி பத்துக்கு மேல மொட்டை மாடில, ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. ஷஃபிள் போடாதீங்க. புடிக்கலன்னா அடுத்த நாளு வேற ஆளு, ஜிம் ரீவ்ஸ் மாதிரி மெதுவா போறது ஒத்துக்கலன்னா கேஷ், கேஷ் ஒத்துக்கலன்னா வில்லி நெல்சன். ரெண்டு மாசம் குடுத்தும் உள்ள எறங்கலன்னா விட்டுடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, கேட்டுட்டு புடிக்கலன்னு சொல்றவங்க கிட்ட எனக்கு சண்டையே கெடையாது. ஜிம் ரீவ்ஸை நான் திரும்ப கேட்டது அந்த அங்கிள் போனதுக்கு அப்புறம்தான். ஹீ'ல் ஹேவ் டு கோ. ஒருத்தன் போன்ல பேசுறான், அந்த பக்கம் அவ கூட வேற எவனோ இருக்கான், ரிசீவர் கிட்ட வாயை வெச்சி பேசும்மான்னு கெஞ்சுறான். மைக்குக்கு அவ்ளோ பக்கத்துல நின்னு தாழ்ந்த குரல்ல பாடியிருக்காரு. தூக்க மாத்திரைன்னு கத்துனோமே, அது தூக்கம் வராதவன் பாட்டு. அங்கிள் கிட்ட இதை சொல்ல முடியல.

கடைசியா ஒரு பாட்டு, இதை தனியா கேக்காதீங்க, வீட்டுல யாரையாவது பக்கத்துல வெச்சி கதையை தமிழ்ல சொல்லிக்கினே போடுங்க. ஜார்ஜ் ஜோன்ஸ், ஹீ ஸ்டாப்டு லவிங் ஹர் டுடே, 1980. இவ்ளோ சோகமான பாட்டை எவன் வாங்குவான்னு ஜோன்ஸே நம்பாம இருந்த பாட்டு. எங்க அம்மாவுக்கு போட்டு காட்டுனேன். ஒருத்தன் ஒரு பொண்ணு கிட்ட சாகுற வரைக்கும் உன்னையே நெனச்சிக்கினு இருப்பேன்னு சொன்னாம்மா, அவ போயிட்டா, இவன் அவ போட்டோவை செவுத்துல மாட்டி வெச்சிக்கினு, பழைய லெட்டரை எல்லாம் கட்டில் பக்கத்துல வெச்சிக்கினு வருஷக்கணக்கா காத்துக்கினு இருந்தான், இன்னைக்கு போய் பாத்தா மூஞ்சில சிரிப்பு, நல்ல துணி உடுத்தியிருக்கான், வாசல்ல மாலை மாட்டிட்டாங்க, இன்னைக்குதான் அவளை நெனைக்கிறதை நிறுத்துனான்னு சொன்னேன். அம்மா வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தாங்க, கையை நிறுத்திட்டு, "அந்த பொம்பளை சாவுக்கு வந்தாளா"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பாட்டுல அந்த இடம் வந்துடுச்சு, ஜோன்ஸ் பாடுறதை விட்டுட்டு சும்மா பேசுற மாதிரி சொல்ற இடம். வந்தாம்மான்னு சொன்னேன்.